உதவித்தொகை மனு தள்ளுபடியா? முதலில் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்

மாற்றுத்திறனாளி சான்றிதழில் 39 சதவீதம் என்று இருந்தால் மாதம் ரூ.1,500 ஓய்வூதியம் கிடையாது. 40 என்று இருந்தால் கேட்கலாம். கடும் பாதிப்பு என்ற பிரிவில் 75 சதவீதத்தைத் தொட்டால், மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கல்வராயன் மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருகிறவருக்கு, இந்த எண் எப்படி வந்தது என்பது பெரும்பாலும் தெரியாமலேயே போகிறது. "உங்களுக்கு வராதும்மா" என்ற ஒரு வரியோடு திரும்பி விடுகிறார்கள். வாயால் சொன்ன அந்த வரியை வைத்துக்கொண்டு எங்கும் மேல்முறையீடு செய்ய முடியாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மறுப்பு இரண்டு இடங்களில் நேரலாம். ஒன்று, அரசு மருத்துவர்கள் சதவீதத்தைக் குறைத்துப் போடுவது, அல்லது குறைபாடே இல்லை என்பது. மற்றொன்று, சான்று சரியாக இருந்தும் வருவாய்த்துறை ஓய்வூதிய மனுவைத் தள்ளுவது. இரண்டும் வேறு வேறு வழக்குகள். சதவீதம் குறைவென்று தாசில்தாரிடம் எத்தனை மனுக் கொடுத்தாலும் அவரால் அதை மாற்ற முடியாது. தாசில்தார் மறுத்ததற்காக மீண்டும் மருத்துவக் குழுவின் முன்னால் போய் நிற்பதும் வீண் அலைச்சல்தான். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கும் பொதுவான மனு, கடைசியில் இந்த இரண்டு மேசைகளில் ஒன்றுக்குத்தான் திரும்பி வரும்.

முதலில் மருத்துவம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதன் 58ஆவது பிரிவின்படி, பரிசோதித்த அதிகாரி ஒன்று சான்று தர வேண்டும், இல்லையென்றால் குறைபாடு இல்லை என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 59ஆவது பிரிவு, அந்த முடிவை எதிர்த்து மாநில அரசு நியமிக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகும் உரிமையைத் தருகிறது. மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு என்பதால், கடிதம் கைக்கு வந்த சில வாரங்களுக்குள் மனுவைப் போட்டுவிடுவது நல்லது. மனுவை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக அனுப்பி, ஒப்புகைச் சீட்டில் தேதியும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அந்த மனுவில் என்ன எழுதுவது? "நான் ஏழை, கருணை காட்டுங்கள்" என்று எழுதினால் மருத்துவக் குழுவுக்கு அதில் வேலை இல்லை. கணக்கைத்தான் கேட்க வேண்டும். மத்திய அரசு 2018இல் வெளியிட்டு, 2024 மார்ச்சில் திருத்திய மதிப்பீட்டு நெறிமுறையில் ஒவ்வொரு குறைபாட்டுக்கும் அளவு உண்டு. ஒரு கண் பார்வை முழுதும் போய், மற்றக் கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான். 40ஐத் தொடாது. ஆனால் அதே ஆளுக்குப் பழைய விபத்தில் காலில் 25 சதவீதக் குறைபாடும் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டையும் அப்படியே கூட்டி 55 என்று போடமாட்டார்கள். பெரிய எண்ணை 90இலிருந்து கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு கூட்டுவார்கள். 90இல் 30 போக 60. அதை 25ஆல் பெருக்கினால் 1,500. 90ஆல் வகுத்தால் 16.67. அத்துடன் 30ஐச் சேர்த்தால் 46.67. கண் மருத்துவர் மட்டும் பார்த்திருந்தால் தள்ளுபடி, எலும்பு மருத்துவரும் பார்த்திருந்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி! இரண்டாவது குறைபாடு விட்டுப்போயிருந்தால், மேல்முறையீட்டுக்கு அதைவிட வலுவான காரணம் இருக்க முடியாது என்பது என் கருத்து.

கள்ளக்குறிச்சிக்கு இந்தக் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மெத்தனால் பார்வை நரம்பைத் தாக்கும் நஞ்சு. உயிர் பிழைத்தாலும் பார்வை மங்கிப்போகலாம். நரம்பு மண்டலமும் பாதிக்கப்படலாம். அப்படிப்பட்டவர் கண்ணுக்கு மட்டும் மதிப்பீடு வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது.

காரணம் எழுத்தில் வரவே இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ரூ.10 நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, "எனது மதிப்பீட்டுப் படிவத்தின் நகல் வேண்டும்" என்று மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த 10 ரூபாயும் வேண்டாம். சான்று நகலை இணைத்தால் சரி.

வருவாய்த்துறைக் கதை வேறு. அங்கே தள்ளுபடிக்குச் சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் காகிதம் சார்ந்தவை: ஏற்கெனவே முதியோர் அல்லது விதவை ஓய்வூதியம் வாங்குகிறார், ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் வேறு மாதிரி, சான்றின் காலம் முடிந்துவிட்டது. ஒருவருக்கு ஓர் ஓய்வூதியம்தான் என்பது விதி; அதில் வாதாட முடியாது. மற்றவை திருத்தக்கூடியவை. திருத்தியும் மறுத்தால் கோட்டாட்சியர், அவருக்கும் மேலே ஆட்சியர் என்று போகலாம். மத்திய அரசின் இந்திரா காந்தி ஓய்வூதியத் திட்டம் 80 சதவீதம் கேட்கிறது. மாநிலத் திட்டத்துக்கு 40 போதும். "80 இல்லை" என்று மனு தள்ளப்பட்டிருந்தால், எந்தத் திட்டத்தில் சேர்த்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

இவ்வளவுக்கும் மலையிலிருந்து எத்தனை தடவை இறங்குவது? இது நியாயமான கேள்வி. ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து 1976இல்தான் விடுபட்ட மலை இது. சாலை, மருத்துவம், போக்குவரத்து இல்லாததைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. வெள்ளிமலையிலோ அருகிலோ மதிப்பீட்டு முகாம் நடந்தால், எலும்பு, கண், காது, மனநலம் என எந்தெந்த மருத்துவர்கள் வருகிறார்கள் என்பதை ஊராட்சியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். தேவையான மருத்துவர் இல்லாத முகாமுக்குப் போனால், அந்தப் பாதிப்பு கணக்கில் ஏறாமலே போய்விடும்.

எல்லா வாசலும் அடைபட்டால் நீதிமன்றம். மருத்துவப் படிப்பில் சேர்வது தொடர்பான வழக்கொன்றில், 2024 அக்டோபரில், மதிப்பீட்டுக் குழுக்கள் தங்கள் முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓய்வூதிய வழக்கிலும் அதைச் சுட்டிக்காட்டி வாதாடலாம். வக்கீல் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம்: சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100. மாற்றுத்திறனாளிக்கு 1987ஆம் ஆண்டு சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி இலவச வக்கீல் உண்டு. பழங்குடியினருக்கும் அதே பிரிவில் தனியாக உண்டு. இரண்டுக்குமே வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று கேட்டால், தேவையில்லை என்று சொல்லலாம்.