கழலத் தெரிந்த பூட்டு

சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய இரண்டு மகன்களுக்கும் பள்ளிக்கூடத்தில் பனிச்சறுக்கு முகாம். வாடகைக் கடையில் நிறை, உயரம், வயது எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்களாம். கடைசியில் சப்பாத்தைக் கவிழ்த்து அதன் அடி எத்தனை மில்லிமீட்டர் என்றும் பார்த்தார்களாம். "இரண்டு பேருக்கும் ஒரே நிறை, ஏறக்குறைய ஒரே உயரம். ஆனால் கால் பெரிதாக இருக்கிறவனுக்குக் குறைந்த எண்ணை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய காலுக்குக் கூடத்தானே வேண்டும்? கடைக்காரர் பிழை விட்டுவிட்டாரோ?"

கடைக்காரர் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் இந்தக் கேள்வியை விட மனசில்லை. பூட்ஸைச் சறுக்குப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் என்ற சாதனத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

இறுகப் பிடிப்பது பைண்டிங்கின் பாதி வேலை. வேகமாகப் போய் விழும்போது, எலும்பு ஒடிவதற்குச் சற்று முன்னால் காலை விட்டுவிடுவது மீதிப் பாதி. விரல் பக்கம் இருக்கும் துண்டு, கால் முறுக்கப்பட்டால் பக்கவாட்டில் திறக்கும். குதிகால் பக்கத் துண்டு, ஆள் முன்னால் கவிழ்ந்தால் மேல்நோக்கித் திறக்கும். இரண்டிலும் ஆளுக்கொரு ஸ்பிரிங், அதை இறுக்க ஒரு திருகு, பக்கத்தில் சின்ன ஜன்னல், அதில் ஓர் எண். ஜெர்மன் தரநிர்ணய அமைப்பின் பெயரால் டின் எண் என்கிறார்கள்.

எங்கள் ஊரில் பம்புசெட் மோட்டாரில் துருவேறிய நட்டு அசையாவிட்டால், அப்பா ஸ்பானரின் பிடியில் நீளமான ஜிஐ பைப்பைச் செருகிக்கொண்டு அழுத்துவார். அதே ஆள், அதே பலம்தான். பிடி நீண்டதும் நட்டு முனகிக்கொண்டே திரும்பிவிடும். பனிச்சறுக்கில் பூட்ஸின் அடிதான் அந்த பைப். நட்டு இருக்கும் இடத்தில் நம் முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பு. விரல் முனையில் பக்கவாட்டாக விழும் விசை, அடி நீளமாக இருந்தால் அந்த எலும்பை அதிகமாக முறுக்கும். எலும்பு தாங்குவது இவ்வளவு முறுக்குதான் என்றால், நீண்ட அடியுள்ள பூட்ஸில் ஸ்பிரிங் குறைந்த விசைக்கே வழிவிட வேண்டும். ஆகவே எண் குறைகிறது. ஒரே நிறையுள்ள அந்த அண்ணன் தம்பி இருவரின் எலும்பும் ஒரே முறுக்கில்தான் விடுவிக்கப்படும். அதற்காகத்தான் இரண்டு எண்கள்.

ஐஎஸ்ஓ 11088 என்ற தரத்தின் அட்டவணையில் இது வரிசையாக இருக்கிறது. 67 முதல் 78 கிலோ எடையுள்ள, நிதானமாகச் சறுக்கும் ஒருவருக்கு முன்துண்டு 43 நியூட்டன் மீட்டர் முறுக்கில் திறக்க வேண்டும். பின்துண்டு 165 நியூட்டன் மீட்டர் வரை பிடிக்கலாம். கிட்டத்தட்ட நான்கு மடங்கு. வளைப்பதைத் தாங்கும் எலும்பு முறுக்குவதைத் தாங்காது என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது. வயது 50 ஆகிவிட்டால் அட்டவணையில் ஒரு வரி மேலே ஏறிக் குறைந்த எண்ணை எடுக்க வேண்டும். வயதைக் குறைத்துச் சொல்லக் கூடாத கவுண்டர் இது ஒன்று.

இந்த அறிவெல்லாம் கால்களை ஒடித்துக்கொண்டு வந்த அறிவு. 1929 வாக்கில் சுவிஸ்காரர் கீடோ ரூஜ் செய்த கம்பிவட பைண்டிங் குதிகாலைப் பலகையோடு அழுத்திப் பிடித்தது. நன்றாகத்தான் பிடித்தது, விடவே இல்லை. அதன் பெயர் கந்தஹார். ஆப்கன் போரில் பேரெடுத்த ராபர்ட்ஸ் பிரபு பெயரிலான கோப்பைக்கு ஆல்ப்ஸில் நடந்த சறுக்குப் போட்டி வழியாக அந்தப் பெயர் மலையேறியது. அதே ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படையின் தலைமைத் தளபதி என்பது கொசுறு. 1937இல், நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யால்மார் ஹ்வாம், ஆரிகனின் ஹூட் மலையில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து தெளிந்ததும் பென்சிலும் காகிதமும் கேட்டு வாங்கி, தானாகக் கழலும் முன்துண்டு ஒன்றை வரைந்தாராம். பிறகு பிரான்ஸில் ழான் பேல், ஜெர்மனியில் ஹானஸ் மார்க்கர் என்று 1950களில் இந்தத் தொழில் சூடுபிடித்தது.

இத்தனை பேர் பாடுபட்டுக் கழல வைத்ததை, திருகைத் திருப்பிக் கழலாமல் ஆக்குகிறவர்கள் ஒவ்வொரு சரிவிலும் இருக்கிறார்கள். எண் அவர்களுக்குப் பட்டம் மாதிரி. 'நீ அஞ்சா? நான் எட்டு' என்று பேசிக்கொள்கிறார்கள். பந்தயக்காரர்கள் பத்துக்கு மேல் வைப்பது உண்மைதான். கடினமான பனியில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு, நடுவழியில் பலகை கழன்றுவிடுவதுதான் பெரிய ஆபத்து. விடுமுறைக்குப் போய் நீலக் குறியிட்ட எளிய சரிவில் இறங்கும் நமக்கு அந்தக் கணக்கு எதற்கு? அடிக்கடி கழல்கிறது என்றால் முதலில் பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டுப் பாருங்கள். பாதிப் புகார் அங்கேயே தீரும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் சுகர்புஷ் என்ற சறுக்குத் தலத்தில் ஜான்சன், எட்லிங்கர், ஷீலி மூவரும் 1972 தொடங்கிப் பல பத்தாண்டுகள் காயங்களைக் கணக்கெடுத்தார்கள். கணைக்கால் எலும்பு முறிவு மிகவும் குறைந்திருந்தது. முழங்காலின் தசைநார் கிழிவது அப்படிக் குறையவில்லை. பின்னால் சாய்ந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய், எடை முழுவதும் பலகையின் வாலில் இறங்கும்போது அந்த வாலே நெம்புகோலாகி முழங்காலைத் திருகுகிறது. முன்துண்டுக்கு அந்த விசை சரியாகப் போய்ச் சேர்வதில்லை. அதனால் திறப்பதுமில்லை. விழப்போகிறோம் என்று தெரிந்தால் விழுந்துவிடுங்கள், உட்கார்ந்தபடி எழ முயலாதீர்கள் என்று பயிற்சியாளர்கள் கத்துவது இதனால்தான்.

சொந்தமாக வாங்குகிறவர்களுக்கு: உங்கள் எண் அந்த பைண்டிங்கின் அளவுகோலில் நடுவில் விழட்டும், ஓரத்தில் வேண்டாம். பலகை தனியே ஓடிவிடாமல் தடுக்கும் பிரேக், பலகையின் இடுப்பகலத்தை விடக் கொஞ்சம் அகலமாக இருக்க வேண்டும். மலையேறிச் சறுக்குவதற்கான பூட்ஸும் சாதாரணச் சறுக்கு பூட்ஸும் அடியில் வேறு வேறு. எல்லா பூட்ஸும் எல்லா பைண்டிங்கிலும் பொருந்தாது.

பொருத்துவது நிதானமான வேலை. பூட்ஸின் பக்கத்தில் அடியின் நடுவைக் காட்டும் கோடு ஒன்று இருக்கும். அது பலகையில் உள்ள குறியோடு சேர வேண்டும். ஜிக் எனும் அச்சுச் சட்டத்தைப் பலகைமேல் மாட்டித் துளையிடுகிறார்கள். உள்ளே உலோகத் தகடு இருந்தால் 4.1 மில்லிமீட்டர் துரப்பணம், இல்லாவிட்டால் 3.5. ஆழம் 9 மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் இறங்காதபடி துரப்பணத்தின் கழுத்தில் ஒரு வளையம். அது இல்லாமல் துளைத்தவரின் பலகையில் அடிப்பக்கம் கொப்பளம் மாதிரி புடைத்துவிடும். துகளை ஊதித் தள்ளி, துளைக்குள் ஒரு சொட்டுப் பசை விட்டு, பிறகே திருகு. பசை இல்லாவிட்டால் பனிநீர் இறங்கி மரக்கட்டை உள்ளேயே ஊறிப்போகும். திருகின் தலையைக் கவனியுங்கள்: கூட்டல் குறியின் கைகளுக்கு நடுவே மெல்லிய நான்கு கோடுகள் இருக்கும். வீட்டு ஸ்டார் திருப்புளியை வைத்தால் தலை வழுக்கிக் கெட்டுவிடும்.

அதோடு முடியவில்லை. பூட்ஸை மிதித்து மாட்டியதும் பின்துண்டு தன் தண்டவாளத்தில் சற்றுப் பின்னால் தள்ளப்பட வேண்டும். அந்த அழுத்தம் சரிதானா என்று காட்ட ஒரு குறி உண்டு. அதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்தால் அந்த எண் பொய். இதையெல்லாம் இயந்திரத்தில் மாட்டி முறுக்கை அளந்து பார்க்கும் கடைகள் இருக்கின்றன. சுவிஸ் விபத்துத் தடுப்பு ஆலோசனை மையம் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது. வருஷம் முழுக்க நிலவறையில் கிடந்த ஸ்பிரிங்கும் கிரீஸும் போன வருஷம் மாதிரியேதான் இருக்கும் என்று யார் சொன்னது?

சித்தப்பா வீட்டுப் பழைய பலகை சும்மா கிடக்கிறதே என்று எடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தயாரிப்பாளர்கள் எந்த மாடல்களுக்கு இன்னும் பொறுப்பேற்கிறார்கள் என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து விழுந்துவிட்ட பைண்டிங்கைப் பல கடைகள் தொடவே மாட்டா. அங்கே கெஞ்சிக்கொண்டிருக்காமல், அந்த ஒரு வாரத்துக்கு வாடகைப் பலகை எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது பூட்ஸின் அடி நீளத்தை எழுதிக் கொடுங்கள்.