எஞ்சினுக்குள் காற்று புகும் வழி

மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பற்றிப் பேசுகிறவர்கள் அது குடிக்கும் பெட்ரோலைக் கணக்கிடுகிறார்களேயன்றி, அது உட்கொள்ளும் காற்றைக் கணக்கிடுவது அபூர்வம். ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும் என்பது ரசாயன விதி. பெட்ரோலைத் தொட்டியிலிருந்து வேண்டிய மட்டும் செலுத்துவதற்கு ஒரு சிறு பம்பு போதும். காற்றையோ, பிஸ்டன் கீழே இறங்கும் போது உண்டாகும் வெற்றிடத்துக்குள் வாயுமண்டலத்தின் அழுத்தம் ஒன்றே தள்ளியாக வேண்டியிருக்கிறது. ஆகவே ஓர் எஞ்சின் எவ்வளவு சக்தி தரும் என்பதைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது, அதன் சிலிண்டர்களுக்குள் எவ்வளவு எடையுள்ள காற்று போய்ச் சேருகிறது என்பதே. ஸ்போர்ட்ஸ் காரின் சக்தியைப் பெருக்க விரும்புகிறவர்கள் முதலில் காற்றுப் பாதையில் கை வைப்பதற்கு இதுவே காரணம்.

அந்தப் பாதையின் வேலை எத்தகையது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் ஒன்று நிமிஷத்துக்கு 6,000 சுற்று வேகத்தில் ஓடும்போது, அதன் சிலிண்டர்கள் முழுமையாக நிரம்புவதாக வைத்துக்கொண்டால், விநாடிக்கு 100 லிட்டர் காற்றை அது உறிஞ்ச வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரும் தன் பங்கைப் பெறுவதற்குப் பிஸ்டன் இறங்கும் அவகாசம் ஒரு விநாடியில் இருநூற்றில் ஒரு பங்குதான். இவ்வளவு சொற்ப நேரத்தில், வெளிவாயில் புகுந்து, தூசியைத் தடுக்கும் ஃபில்டரைக் கடந்து, வளைந்த குழாய்களில் ஓடி, ஆக்ஸிலரேட்டருக்குக் கட்டுப்பட்ட த்ராட்டில் வால்வைத் தாண்டி, மேனிஃபோல்டில் பல கிளைகளாகப் பிரிந்து, கடைசியில் குறுகலான வால்வு இடுக்கின் வழியே காற்று உள்ளே போய்ச் சேர வேண்டும். இத்தனை இடையூறுகளின் பயனாகச் சாதாரணக் கார்களின் சிலிண்டர்கள் உச்ச சக்தி தரும் வேகத்திலும் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பங்கு அளவே நிரம்புகின்றன. எஞ்சிய பங்கை மீட்பதற்கான முயற்சிகளே காற்றுப் பாதைச் சீர்திருத்தம் என்ற கலையாக வளர்ந்திருக்கின்றன.

முதல் இடையூறு உராய்வும் நெருக்கமும். எத்தனை இழப்பு எங்கே நேர்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே குழாயில் ஒரு துளையிட்டு, தண்ணீர் நிரப்பிய வளைகுழாய் ஒன்றை அதனோடு இணைத்து, த்ராட்டில் முழுவதும் திறந்திருக்க வண்டியை ஓட்டினால், இரு பக்கத் தண்ணீர் மட்டங்களுக்கும் இடையே உள்ள உயரம் அதைச் சொல்லிவிடும். பத்து சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம், வாயுமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. 200 குதிரைச் சக்தியுள்ள ஒரு காரில் இந்த மட்டம் இருபது சென்டிமீட்டர் காட்டினால், உலகத்திலேயே சிறந்த ஃபில்டரையும் குழாயையும் பொருத்தினாலும் அந்த இடத்தில் மீட்கக்கூடியது ஏறத்தாழ நான்கு குதிரைச் சக்தியே. கடையில் விற்கும் சாமானின் விளம்பரம் முப்பது என்று கூறினாலும், தண்ணீர் மட்டம் அதற்குச் சாட்சி சொல்லாது.

இரண்டாவது இடையூறு உஷ்ணம். இது உராய்வைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது. காற்று சூடேறினால் விரிகிறது. விரிந்த காற்று அதே கொள்ளளவில் குறைந்த எடையையே கொண்டிருக்கும். 30 டிகிரி சென்டிகிரேடில் உள்ள காற்றுக்குப் பதிலாக 60 டிகிரியில் உள்ள காற்றை எஞ்சின் உறிஞ்சுமானால், ஒவ்வொரு முறையும் உட்செல்லும் எடையில் நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைந்துவிடும். அத்துடன், சூடான கலவை உரிய காலத்துக்கு முன்பே தானாக வெடிக்கும் ‘நாக்கிங்’ என்ற தீங்கும் நெருங்கிவிடும். கார்க்காரர்கள் பலர், தொழிற்சாலை பொருத்திய மூடிய பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, பானெட்டின் அடியில் எஞ்சினை ஒட்டியே ஒரு கூம்பு வடிவ ஃபில்டரைத் திறந்த நிலையில் மாட்டி, அதிலிருந்து எழும் கம்பீரமான உறுமலைக் கேட்டுச் சக்தி பெருகிவிட்டதாக மகிழ்கிறார்கள். ஆனால் அந்தப் பெட்டி சத்தத்தை அடக்குவதற்காகவும் வெளிக்காற்றை மட்டும் அனுமதிப்பதற்காகவும் அமைக்கப்பட்டது. அது போனபின் சத்தம் கூடுவது இயல்பு. எஞ்சின் தன் உடம்பின் வெப்பத்தையே திரும்ப உறிஞ்சத் தொடங்குவதும் இயல்பு. வண்டியின் முன்புறத்திலிருந்து குளிர்ந்த காற்றைத் தனிக் குழாயில் கொண்டுவந்து, ஃபில்டரை வெப்பத்திலிருந்து மறைத்து வைப்பதே உண்மையான சீர்திருத்தம்.

வண்டி ஓடும் வேகமே காற்றைத் திணித்துவிடும் என்ற நம்பிக்கையில், பானெட்டின்மேல் பெரிய வாய்களை அமைப்பதும் வழக்கத்தில் உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் திணிப்பு வாயுமண்டல அழுத்தத்தில் அரைச் சதவீதத்தையும் எட்டுவதில்லை. 200 கிலோமீட்டரில்கூட இரண்டு சதவீதத்தை நெருங்குவதோடு நின்றுவிடுகிறது. எனவே இந்த வாய்களின் பிரயோஜனம், குளிர்ந்த, கலக்கமற்ற காற்றை அளிப்பதிலேதான் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

இனி வருவது இக்கலையின் மிக நுட்பமான பகுதி. காற்றுக்கும் எடை உண்டு. ஓடத் தொடங்கிய காற்று நிற்க விரும்புவதில்லை. ஆகையால்தான் பிஸ்டன் அடிமட்டத்தை அடைந்து மேலே திரும்பத் தொடங்கிய பின்னரும் உட்புகு வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதுவுமன்றி, பிஸ்டன் இறங்கும்போது எழும் ஓர் அழுத்தக்குறைவு அலை, ஒலியின் வேகத்தில் குழாயின் வெளிமுனைக்கு ஓடி, அங்கே பிரதிபலித்து, அழுத்த மிகுதி அலையாக மாறித் திரும்பி வருகிறது. தக்க தருணத்தில் தள்ளப்பட்ட ஊஞ்சல் மேலும் உயர்வதுபோல, இந்த அலை வால்வு மூடுவதற்குச் சற்று முன்னால் வந்து சேருமானால், எந்த யந்திர உதவியும் இல்லாமலே மேலும் கொஞ்சம் காற்றைச் சிலிண்டருக்குள் திணித்துவிடும். தக்க தருணம் எது என்பதை நிர்ணயிப்பது குழாயின் நீளம். நீண்ட குழாய் குறைந்த வேகத்துக்கும், குட்டையான குழாய் மிகுந்த வேகத்துக்கும் பொருந்தும்.

1960ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி வெளியிட்ட 300எஃப் என்ற கார் இத்தத்துவத்துக்கு ஓர் அழகிய சான்று. அதன் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினின் இரு பக்கங்களிலும் வெளியே தள்ளி ஒவ்வொரு கார்புரேட்டர் வைக்கப்பட்டு, ஒவ்வொன்றும் எதிர்ப்பக்கத்துச் சிலிண்டர்களுக்கு 30 அங்குல நீளமுள்ள குழாய்களால் காற்று அனுப்பியது. அலை அத்தூரம் போய்த் திரும்ப ஒரு விநாடியின் ஆயிரத்தில் நான்கரைப் பங்கு ஆகும். 2,800 சுற்று வேகத்தையொட்டி எஞ்சினின் முறுக்கு விசை உச்சத்தை அடைந்தது. அதே கார், குழாய்களின் உள்தடுப்பு வெட்டப்பட்டு 15 அங்குலமாகக் குறுகிய பாதையுடனும், வேறு சில மாற்றங்களுடனும் கிடைத்தபோது, 375 ஆக இருந்த குதிரைச் சக்தி 400 ஆக உயர்ந்தது. நீளம் ஒன்றானால் ஒரு வேகத்துக்கே பொருந்தும் என்ற இந்தச் சங்கடத்தை மாஸ்டா கம்பெனி வேறு விதமாகத் தீர்த்தது: 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற அதன் 787பி காரில், பிஸ்டன்களுக்குப் பதிலாகச் சுழலும் நான்கு ரோட்டார்கள் கொண்ட எஞ்சினின் காற்றுக் குழல்கள், வேகத்துக்கு ஏற்ப ஓட்டத்தின்போதே நீண்டும் குறுகியும் சரிந்துகொண்டிருந்தன.

வாயுமண்டலத்தின் கொடைக்கு மேலும் வேண்டுமென்றால், காற்றை அழுத்தித் திணிக்க வேண்டும். கழிவு வாயுவின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் உட்காற்றை அழுத்தும் டர்போ என்ற உபாயத்துக்கு ஸ்விட்ஸர்லாந்து எஞ்சினியர் ஆல்ஃபிரட் பியூகி 1905இல் உரிமைப் பட்டயம் பெற்றார். அழுத்தப்பட்ட காற்று சூடேறும் என்பதால் இங்கும் உஷ்ணமே மீண்டும் பகையாகிறது. 1975ஆம் ஆண்டின் போர்ஷே 911 டர்போ மூன்று லிட்டர் எஞ்சினில் 260 குதிரைச் சக்தி தந்தது. 1978இல் கொள்ளளவை 3.3 லிட்டராகப் பெருக்கி, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் சேர்த்தபோது அது 300 ஆயிற்று.

இவ்வளவையும் அறிந்து தம் காரில் மாற்றம் செய்ய முற்படுகிறவர்கள் சில அபாயங்களையும் அறிந்திருக்க வேண்டும். இக்காலக் கார்கள் பலவற்றில், உட்செல்லும் காற்றின் எடையை ஒரு சூடான மெல்லிய கம்பி அளந்து சொல்ல, அதற்கேற்ப எஞ்சினின் கணிப்பொறி பெட்ரோலைப் பாய்ச்சுகிறது. குழாயின் விட்டத்தை மாற்றினால் அந்த அளவு பொய்யாகி, பெட்ரோல் குறைந்த கலவையால் பிஸ்டன்கள் சேதமடையக்கூடும். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரில் எண்ணெய் மிகுந்தால் அதே கம்பியில் படிந்துவிடும். குளிர்ந்த காற்றைத் தேடி வாயைத் தரைக்கு அருகே தாழ்த்தினால், வெள்ளத்தில் தண்ணீர் உறிஞ்சப்படும். தண்ணீர் காற்றைப்போல் அழுந்தாதாகையால், பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்து எஞ்சின் அழியும். புகை விதிகளையும் மறக்கலாகாது. கலிஃபோர்னியா மாகாணத்தில் இத்தகைய சாமான்களுக்கு அரசாங்கத்தின் தனி அனுமதி வேண்டும்.

எனவே முறையான வரிசை இது: முதலில் அளந்து பார்ப்பது, பின் குளிர்ந்த காற்றை உறுதி செய்வது, அதன்பின் நெருக்கத்தை நீக்குவது, கடைசியாகத்தான் குழாய்களின் நீளத்தையும் அழுத்தும் யந்திரங்களையும் பற்றிச் சிந்திப்பது. ஒவ்வொரு படியின் முடிவிலும், வண்டியின் சக்கரங்களை உருளைகளின்மேல் ஓடவிட்டு அளக்கும் டைனமோமீட்டரில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே உஷ்ண நிலையில் சக்தியைச் சோதிக்க வேண்டும். தொழிற்சாலையின் நிபுணர்கள் சத்தம், விலை, புகை, ஆயுள் ஆகிய பல கடமைகளுக்கிடையே ஒரு சமரசம் கண்டு காற்றுப் பாதையை அமைத்தார்கள். அவர்கள் எதை எதற்காக விட்டுக்கொடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டவர் செய்யும் சிறிய மாற்றமும் பலன் தரும். அது தெரியாதவர் செலவிடும் பெரும் பணம் சத்தமாக மட்டுமே திரும்பி வரும்.