சர்வே எண் இல்லாத மனு எங்கும் போகாது

ஏரிக்கு வரும் வாய்க்காலை யாரோ மறித்து மண் கொட்டிவிட்டார்கள். ஊரே கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுக்கிறது. ‘எங்கள் ஏரியை மீட்டுத் தாருங்கள்’ என்பதைத் தவிர அதில் ஒரு விவரமும் இல்லை. எந்த சர்வே எண், எந்த உட்பிரிவு, யார் பராமரிப்பு? மேசை மேசையாகச் சுற்றும் காகிதம் கடைசியில் ‘சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது’ என்ற பதிலோடு முடிந்துபோகிறது. அதிகாரிகளுக்கும் அதுதான் வசதி.

திருவண்ணாமலை மாவட்டத்தில் நம் கீழ்பென்னாத்தூர் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு வடக்கே போகிறது, தென்பெண்ணை தெற்கே சாத்தனூர் வழியாகப் போகிறது. நமக்கு ஏரியும் கிணறும்தான். ஏரி நிரம்பினால் கிணறு ஊறும். வரத்துக் கால்வாய் திறந்திருந்தால்தான் ஏரி நிரம்பும். கரையைக் காவல் காக்கிறவர்கள் கால்வாயை எட்டிப் பார்ப்பதில்லை. கால்வாயை அடைத்தால் பெருமழையில் தண்ணீர் எங்கே போகும்? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை இந்த மாவட்டத்தை என்ன பாடு படுத்தியது என்பதை அதற்குள் மறந்திருக்க மாட்டோம்.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண் கேளுங்கள். பிறகு அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்தில் அந்த எண்ணுக்குரிய ‘அ’ பதிவேட்டு நகலையும் புலப்படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வகைப்பாட்டில் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் அது நீர்நிலைப் புறம்போக்கு. பட்டா நிலம் என்று வந்தாலும் சந்தேகம் இருந்தால், நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டு நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.

அடுத்து, மனு யாருக்கு? ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரி நீர்வளத் துறையுடையது. அதன் ஆக்கிரமிப்புக்கு 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதற்குக் குறைந்த ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. எதுவானாலும் வட்டாட்சியருக்கு ஒரு பிரதி கொடுங்கள். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுப்பது வருவாய்த் துறைதான். ‘அ’ பதிவேடு, புலப்படம், புகைப்படம் மூன்றையும் இணைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

பதில் வரவில்லையா? அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு போடுங்கள். ‘இன்ன தேதியிட்ட மனு மீது எடுத்த நடவடிக்கை, நில அளவை அறிக்கை நகல்’ என்று மட்டும் கேளுங்கள். ஏன், எதற்கு என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் மேல்முறையீடு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ‘வருஷா வருஷம் பி மெமோ கட்டுறேன், நிலம் என்னுது’ என்று இன்னும் சொல்கிறார்கள். பி மெமோ என்பது ஆக்கிரமித்ததற்கான தண்டம். அது உரிமை ஆவணம் ஆகாது. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும்கூட ஆகாது. புறம்போக்கை வளைத்தவருக்கு பி மெமோ ரசீதே எதிர்சாட்சி.

இப்படி வளைத்த இடம் மனையாகவும் விற்பனைக்கு வரலாம் என்பதால், மனை வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன்: புரோக்கர் காட்டும் லேஅவுட் படத்தை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் ஒருமுறை அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள். பிறகு பணத்தை எடுங்கள்.