தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

'குப்பனும் சுப்பனும்' என்று அலட்சியமாகச் சொல்கிறோமே, அதில் சுப்பனுக்காவது முருகன் துணை இருக்கிறான். குப்பனுக்குக் குப்பைமேடுதான்.

என் தாத்தா குப்புசாமியின் வலது மூக்கில் கடுகளவு பள்ளம் ஒன்று இருந்தது. அம்மைத் தழும்பு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். மூக்குத்தி போட்ட துளை என்று பாட்டிதான் சொன்னாள். அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நான்காவதாக இவர் பிறந்ததும், முறத்தில் குப்பையைப் பரப்பி அதன்மேல் கிடத்தி, முறத்தோடு வாசலுக்கு இழுத்துப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக் கிழவி எடுத்துக்கொண்டாள். பெற்றவள் ஒரு படி தவிடு கொடுத்துத் தன் பிள்ளையைத் தானே வாங்கினாள். எமன் வந்து விசாரித்தால், இது யாரோ வேண்டாமென்று எறிந்தது, தவிட்டுக்கு வந்தது. போதாக்குறைக்கு மூக்குத்தி போட்ட பொட்டப்பிள்ளை!

குப்பு, தவிட்டான், மூக்கையா, பிச்சை எல்லாம் இந்தத் தந்திரத்தின் பெயர்கள்தாம். ஆந்திரத்தில் குப்பைமேட்டிலிருந்து பெண்டய்யா வந்தார். வங்காளத்தில் மூன்று சோழிக்கு விற்ற பிள்ளை தின்கோரி ஆனான்.

பயம் சாதி பார்க்கவில்லை. பெயரின் வால் பார்த்தது. மயிலாப்பூர் ஆய்வு நிறுவனம் தாங்கியிருப்பது சமஸ்கிருத அறிஞர் மகாமகோபாத்யாய குப்புசாமி சாஸ்திரியின் (1880–1943) பெயரை. சேரியில் பிறந்தவனோ வெறும் குப்பனாகவே நின்றான். இன்னொரு வேடிக்கை: நகரத்துக் குடும்பங்களின் படிப்பு, வேலை, வருமானத்தை வைத்துத் தரம் பிரிக்க இந்திய மருத்துவ ஆய்வாளர்கள் கையிலெடுப்பது, உளவியலாளர் பி. குப்புசாமி 1976இல் வெளியிட்ட அளவுகோலை.

நாகரிகம் வந்து இந்தப் பெயர்களை விரட்டிவிட்டது என்பார்கள். எனக்கென்னவோ தடுப்பூசியும் பிரசவ ஆஸ்பத்திரியும்தான் விரட்டின என்று தோன்றுகிறது. நூறாண்டுக்கு முன் இந்த நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 200 போல முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020இல் தமிழ்நாட்டுக் கணக்கு 13. எமனை ஏமாற்ற அவசியமில்லாதபோது யார் குப்பு என்று வைப்பார்கள்?

எங்கள் வீட்டில் அந்தப் பெயர் 'கு.' என்ற இனிஷியலாகச் சுருங்கிக் கிடந்தது. சித்தப்பா அமெரிக்கா கிளம்பியபோது பாஸ்போர்ட்டுக்காக அதை விரித்து எழுத வேண்டியிருந்தது. இன்று அங்கே அலுவலகத்தில் அவர் மிஸ்டர் குப்புசாமி.

அந்த முதல் மூன்று பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன்.

"நல்ல பேராத்தான் வெச்சாங்களாம்" என்றாள்.