மேடையில் பிறந்த 'சக்தி': தாளத்துக்குப் பின்னால் ஒரு தோல் தொழில்

ராக் குழுக்கள் பெயர் வாங்கிய பிறகே 'லைவ் ஆல்பம்' கொண்டு வருவது வழக்கம். ஸ்பானிய மொழியில் பாடிய அர்ஜென்டினாவின் சோடா ஸ்டீரியோ, 1997 செப்டம்பர் 20-ல் புவனோஸ் ஐரிஸ் நகரில் நடத்திய விடைபெறும் கச்சேரியை ஆல்பமாக வெளியிட்டது. தமிழர்கள் பங்கேற்ற 'சக்தி' குழுவோ தன் முதல் ஆல்பத்தையே மேடையில் பதிவு செய்தது.

யார் வாசித்தது?

1975 ஜூலை 5, நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரி. மின் கிதாரால் புகழ்பெற்ற ஆங்கிலேயர் ஜான் மெக்லாஃப்லின் அன்று அகூஸ்டிக் கிதாருடன் அமர்ந்தார். வயலின் எல்.சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயகராம், மிருதங்கம் ராம்நாடு ராகவன். 1976-ல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட அந்த இசைத்தட்டில் மூன்றே உருப்படிகள். ஒன்று மட்டும் ஏறக்குறைய 29 நிமிடம்.

லைவ் பதிவில் என்ன சிறப்பு?

ஸ்டுடியோவில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பதியலாம். பிசகினால் திரும்ப வாசிக்கலாம். சில லைவ் ஆல்பங்களையும் பிறகு ஸ்டுடியோவில் சரிசெய்வது உண்டு. ஆனால் மேடையில் ஒருவர் எடுப்பதை மற்றவர் அந்த நொடியே பிடித்தாக வேண்டும். வாத்தியமும் கச்சேரி முழுக்கச் சுருதி விலகாமல் நிற்க வேண்டும். மிருதங்கத்தில் அது தோலைப் பொறுத்தது.

ஆம்பூர் தோலை மிருதங்கத்தில் கட்டலாமா?

முடியாது. ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்புகளில் குரோமியம் ஏற்றும்போது, தோலின் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைகின்றன. தோல் அழுகாது, வளைந்து கொடுக்கும். ஷூவுக்கு அதுதான் தேவை. தாள வாத்தியத்துக்குத் தேவை விறைப்பு. அதனால் பதனிடாத பச்சைத் தோலை ஈரத்தோடு இழுத்துக் கட்டிக் காய வைக்கிறார்கள். மிருதங்கத்துக்கு மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலும் வேண்டும். இழுத்துப் பிடிக்கும் வார் எருமைத் தோல். பதனிடாததால் காற்றின் ஈரத்தைப் பச்சைத் தோல் உறிஞ்சும், சுருதி இறங்கும். கலைஞர்கள் மேடையிலேயே விளிம்பைக் கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பது இதனால்தான்.

யாருடைய பெயர் விடுபடுகிறது?

தோலைப் பார்த்துப் பொறுக்கி, மூட்டி, வலந்தலை எனும் வலது முகத்தில் 'சோறு' எனும் கரும்பசையை வைப்பவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் கைவினைஞர்கள். அவர்களின் வரலாற்றைக் கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா 2020-ல் வெளியான 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலில் எழுதினார். எந்தத் தோல் எவ்வளவு இழுவை தாங்கும் என்று தடவிப் பார்த்தே சொல்லும் அவர்களின் அறிவு, வாசிப்பவரின் வித்தைக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. ஒலிப்பதிவாளர் பெயரை ஆல்பத்தின் உறையில் அச்சிடும் நிறுவனங்கள், வாத்தியம் கட்டியவரின் பெயரையும் அச்சிட வேண்டும். தோலோடு உழைப்பவர்களின் வேலை எவ்வளவு நுட்பமானது என்பது ஆம்பூர், ராணிப்பேட்டை போன்ற பாலாற்றங்கரை ஊர்களுக்குத் தெரியும். அந்தக் கோரிக்கை இங்கிருந்து எழுவதே பொருத்தம்.