நொய்ஸ் கென்சலிங்: ஒரே பெயரில் இரண்டு சாமான்கள்

மூட்டையில் "கீரி சம்பா" என்று எழுதியிருந்தால் மட்டும் நாம் விலை பேசுவதில்லை. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்த பின்னர்தான் வாய் திறக்கிறோம். புடவைக் கடைக்காரர் துணியைக் கசக்கிப் பார்க்கிறார். மசாலா வியாபாரி மல்லியை முகர்ந்து பார்க்கிறார். ஆனால் இலத்திரனியல் சாமான் என்று வந்துவிட்டால், இதே ஆட்கள்தான் பெட்டியில் அச்சடித்திருப்பதை அப்படியே நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

அண்மைக் காலமாகத் தொழில் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நானா, சத்தம் கேக்காத வயர் இல்லாத இயர்பட்ஸ் ஒண்டு வாங்கணும். கன சல்லி போகவும் கூடாது. என்னத்த வாங்குற?" நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "யாருக்குச் சத்தம் கேட்கக் கூடாது? உங்களுக்கா, மறுமுனையில் பேசுகிறவருக்கா?" அனேகர் இந்த இடத்தில் நின்று யோசிக்கிறார்கள். ஏனெனில் "நொய்ஸ் கென்சலிங்" என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வேலைகள் விற்கப்படுகின்றன என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டும் ஒன்றல்ல

முதலாவது ஏ.என்.சி. எனப்படுவது. இது உங்கள் காதுக்கானது. இயர்பட்ஸில் உள்ள சிறிய மைக் வெளிச்சத்தத்தைப் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் சிப் அதற்கு நேர்மாறான ஒலி அலையை உருவாக்கி விடுகிறது. இரண்டு அலைகளும் மோதி ஒன்றையொன்று குறைத்துக் கொள்கின்றன. இந்த யோசனை புதியதல்ல. போல் லூக் என்ற ஜேர்மனியர் 1936 ஆம் ஆண்டிலேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். போஸ் கம்பனி விமானிகளுக்கான ஹெட்செட்டாக இதனை 1989 இல் சந்தைக்குக் கொண்டு வந்தது. காதுக்குள் வைக்கும் சிறிய வயர் இல்லாத சாமானாக இதனைப் பிரபலப்படுத்தியவற்றுள் முக்கியமானது 2019 ஒக்டோபரில் 249 டொலருக்கு வந்த ஏர்பொட்ஸ் புரோ. 2024 இல் நத்திங் கம்பனி தனது சீ.எம்.எப். பட்ஸை 39 டொலர் என்று விலை குறித்து, அதிலும் ஏ.என்.சி.யைக் கொடுத்தது. ஆகவே இன்று இந்த வசதி பணக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல.

இரண்டாவது ஈ.என்.சி. எனப்படுவது. இது நீங்கள் பேசும்போது உங்கள் மைக் வழியாகப் போகும் இரைச்சலைக் குறைப்பது. பலன் மறுமுனையில் இருப்பவருக்கே. நீங்கள் வீதியில் நின்று பேசும்போது பஸ்ஸின் இரைச்சலைக் குறைத்து உங்கள் குரலை மட்டும் அனுப்புவதற்கு இது முயற்சிக்கிறது. உங்கள் காதில் விழும் சத்தம் ஈ.என்.சி.யால் ஒரு துளியும் குறையாது.

மலிவான பெட்டிகள் பலவற்றில் பெரிய எழுத்தில் "நொய்ஸ் கென்சலிங்" என்றும், பக்கவாட்டில் சிறிய எழுத்தில் "ஈ.என்.சி." என்றும் இருக்கும். அதைக் கொண்டுபோய் பஸ்ஸில் காதில் வைத்தவர், சத்தம் அப்படியே கேட்கிறது என்று ஏமாந்து போகிறார். சாமான் பழுதல்ல. அவர் கேட்டது ஒன்று, வாங்கியது வேறொன்று.

எமது தொழிலுக்கு எது முக்கியம்?

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் காலை பத்து மணிக்கு நின்று பாருங்கள். லொறி பின்னால் எடுக்கும் சத்தம், நாட்டாமைமாரின் கூச்சல், ஓட்டோ ஹோர்ன். இவற்றுக்கிடையில்தான் வெளியூர்க் கடைகளின் ஓர்டர்களைப் போனில் எடுக்கிறோம். "எழுபது" என்பதும் "எண்பது" என்பதும் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். ஆங்கிலத்தில் சொன்னால் "பிப்டீன்", "பிப்டி" என்பவையும் அப்படித்தான். ஐம்பது கிலோ சீனி மூட்டையில் எழுபதுக்கும் எண்பதுக்கும் இடையே ஐந்நூறு கிலோ வித்தியாசம் இருக்கிறது. லொறி புறப்பட்ட பின்னர் அது யாருடைய தவறு என்று இரு தரப்பும் வாதாடிப் பயனில்லை. பல வருட வாடிக்கையாளரோடு மனக்கசப்பு வருவதுதான் மிச்சம்.

எனவே கடையிலும் வீதியிலும் நின்று கோல் எடுக்கும் வியாபாரிக்கு முதலில் தேவை நல்ல மைக். ஏ.என்.சி. அதற்கு அடுத்ததுதான். அது ஜெனரேட்டர், பஸ் எஞ்சின், ஏ.சி., மின்விசிறி போன்ற தொடர்ச்சியான தாழ்ந்த இரைச்சலை நன்றாகக் குறைக்கும். ஆனால் மனிதக் குரல், ஹோர்ன், இரும்புச் சாமான் விழும் சத்தம் போன்றவற்றில் அதன் பலன் குறைவு. கண்டிக்கும் கொழும்புக்கும் வாரம் இருமுறை பஸ்ஸில் போய் வருபவருக்கும், அரிசி ஆலை அல்லது ஜெனரேட்டர் பக்கத்தில் வேலை செய்பவருக்கும் ஏ.என்.சி. கொடுத்த காசுக்குப் பெறுமதியானது. நாள் முழுவதும் கல்லாவில் இருந்து வாடிக்கையாளரோடு பேசுபவருக்கு அவ்வளவு அவசியமில்லை.

பெட்டியிலுள்ள இலக்கங்கள்

"40 டெசிபல் வரை", "50 டெசிபல் வரை" என்று எழுதியிருப்பார்கள். இங்கே "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். அது குறைப்பு அதிகமாக உள்ள ஒரு சுரத்தில், ஆய்வுகூடத்தில் அளந்தது. எல்லாச் சத்தமும் அந்தளவு குறையும் என்பதல்ல. பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததுபோலத் தெரியும். ஆகவே 45 இற்கும் 50 இற்கும் இடையிலான வித்தியாசத்துக்காக மேலதிகமாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

"எல்.டி.ஏ.சி." என்பது சோனி கம்பனி உருவாக்கிய ஒலி முறை. அது பாட்டு, பயான், செய்தி கேட்பதற்கே உதவும். போன் கோலுக்கு வேறு முறைதான் பாவிக்கப்படுகிறது. ஐபோனில் எல்.டி.ஏ.சி. வேலையே செய்யாது.

பெட்டரி நேரத்தில் பெரிய இலக்கமாகப் போட்டிருப்பது பெரும்பாலும் ஏ.என்.சி.யை நிறுத்தி வைத்து, சார்ஜ் பெட்டியையும் சேர்த்துக் கணக்கிட்டது. நீங்கள் கேட்க வேண்டியது, "ஏ.என்.சி. போட்டுக் கொண்டு, ஒரு சார்ஜில், எத்தனை மணித்தியாலம்?" என்பதே. கோல் பேசினால் அதைவிடவும் குறையும்.

"ஐ.பி.எக்ஸ். 4" என்றால் எப்பக்கத்திலிருந்து தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும் என்று பொருள். எமது நாட்டு வியர்வைக்கும் தூறலுக்கும் அது போதும். சார்ஜ் பெட்டிக்கும் அது பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். அனேகமாகப் பொருந்தாது.

பயனுள்ள வசதி ஒன்று உண்டு: ஒரே நேரத்தில் இரண்டு போன்களோடு இணைந்திருப்பது. கடைப் போன் ஒன்று, சொந்தப் போன் ஒன்று என்று வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். ஒரே போனில் இரண்டு சிம் போட்டிருப்பவருக்கு இது தேவையில்லை.

பெயரை முழுமையாக வாசியுங்கள்

2024 இல் வெளிவரத் தொடங்கிய ரெட்மி பட்ஸ் 6 வரிசையை எடுத்துக் கொள்ளுங்கள். "அக்டிவ்", "பிளே" என்று முடியும் மொடல்களில் ஏ.என்.சி. இல்லை. "லைட்" என்பதில் இருக்கிறது. சவுண்ட்கோர் வரிசையில் பி20ஐ மொடலில் இல்லை, பி40ஐ மொடலில் இருக்கிறது. ஏர்பொட்ஸ் 4 கூட 2024 இல் இரண்டு வகையாக வந்தது. 129 டொலர் வகையில் ஏ.என்.சி. இல்லை, 179 டொலர் வகையில் இருக்கிறது. "ரெட்மி ஆறு தாருங்கள்" என்று கேட்டால் கடைக்காரர் எதையும் தரலாம். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

காசு கொடுக்கும் முன் மூன்று சோதனைகள்

முதலாவது, காதில் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெட்டியில் பொதுவாக மூன்று அளவு சிலிக்கன் ரப்பர் இருக்கும். இரு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றில்லை. ரப்பர் காதை நன்றாக அடைக்காவிட்டால் எந்த விலை ஏ.என்.சி.யும் பயன்தராது. வாயை அசைத்துப் பேசிப் பாருங்கள், தலையைக் குனிந்து நிமிருங்கள். வழுகினால் அளவை மாற்றுங்கள்.

இரண்டாவது, பாட்டு எதுவும் போடாமல் ஏ.சி. அல்லது மின்விசிறிக்கு அருகில் நின்று ஏ.என்.சி.யை அணைத்தும் போட்டும் பாருங்கள். "ம்ம்" என்ற அடி இரைச்சல் தெளிவாகக் குறைய வேண்டும். வித்தியாசமே இல்லை என்றாலோ, அணைத்துப் போடும் வசதியே இல்லை என்றாலோ அது அனேகமாக வெறும் ஈ.என்.சி. சாமான்தான்.

மூன்றாவதுதான் எமக்கு முக்கியமானது. கடைக்கு வெளியே வீதியோரம் வந்து நண்பர் ஒருவருக்குக் கோல் எடுங்கள். பத்து இலக்கங்களைச் சாதாரண குரலில் வாசித்து அவரை எழுதச் சொல்லுங்கள். பின்னர் இயர்பட்ஸ் இல்லாமல் போனிலேயே வேறு பத்து இலக்கங்களை வாசியுங்கள். இரண்டில் எது பிழையின்றி எழுதப்பட்டது என்று பாருங்கள். போனைவிட இயர்பட்ஸ் மோசம் என்றால் அது உங்கள் தொழிலுக்கு உதவாது. வாய்ப்பக்கம் நீளும் தண்டு வைத்த மொடல்கள் பொதுவாகக் குரலைத் தெளிவாகப் பிடிக்கும். ஒரு காதில் மட்டும் போட்டுப் பேச முடிகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். மற்றக் காது வாடிக்கையாளருக்குத் தேவை.

காதையும் கவனியுங்கள்

இரைச்சலில் இருப்பவர் தன்னையறியாமலே ஒலியைக் கூட்டுகிறார். வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணித்தியாலம், 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணித்தியாலம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஏ.என்.சி.யின் உண்மையான நன்மை இங்கேதான். வெளி இரைச்சல் குறைந்தால் குறைந்த ஒலியிலேயே கேட்கலாம். அதேநேரம், வீதி கடக்கும்போதும் மோட்டார் சைக்கிளிலும் இரு காதையும் அடைத்து ஏ.என்.சி. போடுவது ஆபத்தானது. பஸ்ஸின் ஹோர்ன் உங்கள் காதுக்கு வந்தாக வேண்டும்.

வாங்கிய பின்னர் ஒலி குறைந்துவிட்டது என்று தூக்கி வீசுபவர்கள் உண்டு. பெரும்பாலும் காதழுக்கு வலையை அடைத்திருக்கும். ரப்பரைக் கழற்றி உலர்ந்த மென்மையான தூரிகையால் துடைத்தால் போதும். பெட்டரி மட்டும் வேறு விடயம். இரண்டு மூன்று வருடங்களில் அது தளர்ந்துவிடும், மாற்றுவதும் பெரும்பாலும் சாத்தியமில்லை. ஆகவே இதைப் பல வருடம் நிலைக்கும் சாமானாக எண்ணி விலை கொடுக்காதீர்கள்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

எமது சகோதரர்கள் பலர் கையடக்கத் தொலைபேசிக் கடை வைத்திருக்கிறார்கள். ஈ.என்.சி. சாமானை ஏ.என்.சி. என்று சொல்லி விற்பதால் கிடைக்கும் சில நூறு ரூபா அன்றைய கல்லாவோடு முடிந்துவிடும். ஏமாந்தவர் பத்துப் பேருக்குச் சொல்லுவார். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆவது பிரிவு, வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடை செய்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு ஒரு கோல் போதும், முறைப்பாடு பதிவாகிவிடும்.

பற்றுச்சீட்டில் மொடலின் முழுப் பெயரையும், ஏ.என்.சி. உண்டா இல்லையா என்பதையும், வரண்டி எத்தனை மாதம், எதற்கெல்லாம் பொருந்தாது என்பதையும் எழுதிக் கொடுங்கள். காதில் வைத்துப் பார்க்க ஒரு மாதிரியைத் திறந்து வையுங்கள். ஆளுக்கு ஆள் ரப்பரைத் துடைத்துக் கொடுங்கள். சோதித்துப் பார்க்க இடம் கொடுக்கும் கடையில் வாடிக்கையாளர் பேரம் பேசுவதும் குறையும்.

வாங்குபவர்களுக்கு நான் சொல்லும் ஒழுங்கு இதுதான். முதலில் காதில் பொருத்தம், அடுத்து மைக், அதன்பின் ஒரு சார்ஜில் எத்தனை மணித்தியாலம், அதற்கும் பின்னர்தான் ஏ.என்.சி. பஸ்ஸிலும் இயந்திரத்துக்கு அருகிலும் அதிக நேரம் இருப்பவர் மட்டும் ஏ.என்.சி.யை இரண்டாவது இடத்துக்கு உயர்த்திக் கொள்ளலாம். இந்த ஒழுங்கில் பார்த்தால், விலை கூடியதை விட்டு நடுத்தர விலை மொடலிலேயே உங்கள் தேவை முடிந்துவிடும். மிச்சப் பணத்தைக் கடைக்குப் போடுங்கள்.