நீர்க்கரையில் அடுக்குமாடி: எதிர்ப்பு எப்போது எடுபடும்?

காயல், கழிமுகம், கடற்கரை ஓரங்களில் வரும் குடியிருப்புத் திட்டங்களுக்குப் பெரும்பாலும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடப்பதில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரைத் தாண்டும் கட்டுமானங்கள் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும் என்கிறது. ஆனால் கட்டடங்களுக்கும் நகரியங்களுக்கும் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. தண்டோரா போட்டு அழைப்பார்கள் என்று காத்திருக்கும் ஊருக்கு, அஸ்திவாரம் தோண்டிய பிறகே விஷயம் தெரியவருகிறது.

அப்படித் தாமதமானால் என்ன நேரும் என்பதற்குக் கொச்சியை அடுத்த மரடு சாட்சி. வேம்பநாட்டுக் காயல் பகுதியில் அடுக்குமாடிகள் கட்ட 2006இல் மரடு ஊராட்சி அனுமதி கொடுத்தது. கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதல் பெறப்படவில்லை. மறு ஆண்டே ஊராட்சி விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. கட்டுநர்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். வழக்கு நடக்க நடக்கவே கட்டடம் எழுந்து, வீடுகள் விற்று, ஆட்கள் குடியேறிவிட்டார்கள். 2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு குடியிருப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வீடிழந்த குடும்பங்கள் முந்நூறுக்கும் மேல். அவர்கள் போராடினார்கள். இன்னொரு பக்கம், வெடியில் தங்கள் சுவர் விரிசல் விடும் என்று அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் போராடினார்கள். இரு தரப்பும் தெருவுக்கு வந்தபோது பேசுவதற்கு இடிபாடும் இழப்பீடும்தான் மிச்சம். இடைக்கால இழப்பீடாக ஒரு வீட்டுக்கு ரூ.25 லட்சத்தை முதலில் மாநில அரசு கொடுத்து, பிறகு கட்டுநர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது.

அதே காயலில் நெடியதுருத்துத் தீவின் சொகுசு விடுதியை எதிர்த்தவர்கள் மீனவர்கள். கம்பு நட்டு வலை கட்டும் தங்கள் தொழிலுக்கு அது தடை என்று வழக்காடினார்கள். 2013இல் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பொதுவாகச் சூழல் கெடுகிறது என்பதைவிட, இந்த இடத்தில் இன்னாருக்கு இன்ன தொழில் கெடுகிறது என்று காட்டும் மனு வலுவானது.

கரைவாசிகள் முதலில் கேட்க வேண்டியது, உயர் அலைக் கோட்டிலிருந்து மனை எவ்வளவு தூரம் என்பது. ஓதம் ஏறும் காயல், கழிகளின் ஓரத்தில் 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிப்படி 100 மீட்டர் அல்லது நீர்நிலையின் அகலம், இதில் எது குறைவோ அதுவரை கட்டுப்பாடு உண்டு. 2019 விதி இதை 50 மீட்டராகக் குறைத்தது. மாநிலத்தின் புதிய கடலோர மண்டல வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே இது நடைமுறைக்கு வரும். இந்த வரைபடத்தின் வரைவுக்குக் கருத்துக் கேட்பு உண்டு. பலரும் பொருட்படுத்தாத கூட்டம் அது, ஆனால் படகு நிறுத்தும் இடமும் வலை உலர்த்தும் இடமும் அதில் பதிவாகாவிட்டால் பிறகு அவை காலி நிலம் என்றே கொள்ளப்படும். தமிழ்நாட்டு மீனவர் அமைப்புகள் இந்த விடுபடலைத்தான் பலமுறை ஆட்சேபித்துள்ளன.

மனைக்குக் கடலோர அனுமதி உண்டா, எந்த நிபந்தனையில் தரப்பட்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்ததைக் கட்டுநர் உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்தாக வேண்டும். சிறு எழுத்தில் வரும் அந்த விளம்பரத்தை வெட்டி வைப்பது நல்லது. பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும், அதற்கு மேல் கதவு திறக்காது. தென் மாநிலங்களுக்கான அமர்வு சென்னையில் உள்ளது. அனுமதியே இல்லாமல் வேலை நடந்தால் ஆறு மாதத்துக்குள் மனு செய்யலாம்.

வீடு வாங்குவோர், ஊராட்சி அல்லது நகராட்சி தந்த கட்டட அனுமதியோடு கடலோர அனுமதியையும் கேட்டு வாங்க வேண்டும். மரடில் முன்னது இருந்தது, பின்னது இல்லை. நில உரிமையில் குறை இருந்து இழப்பு நேர்ந்தால், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி கட்டுநரிடம் இழப்பீடு கோரலாம். அதற்குக் காலவரம்பு கிடையாது. ஆணை வந்தும் கட்டுநர் பணம் தராவிட்டால், நிலவரி பாக்கியைப் போல் அதை வசூலிக்கவும் அந்தச் சட்டம் வழி செய்கிறது.